மிதவைப் புள்ளி எண்களுக்கு ஒரு நூலகம்: எதை எழுதுவது, எதைத் தொடாமல் விடுவது

தம்பி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் பின்னணி தெரிய வேண்டும் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சுங்கை சிப்புட்டில் டியூஷன் நிலையத்துப் பிள்ளைகளுக்காகத் தமிழ்க் கட்டளைச் சொற்களைக் கொண்ட ஒரு சிறிய நிரல்மொழியை எழுதி வருகிறீர்கள். அது பிள்ளைகள் எழுதும் நிரலைச் சி மொழிக்கு மாற்றி, அதை இயந்திர மொழியாக்கும் ஜிசிசி கம்பைலரிடம் ஒப்படைக்கிறது. முழு எண்கள் ஒழுங்காக ஓடுகின்றன. புள்ளி வைத்த எண்களுக்கு, அதாவது கணினி மிதவைப் புள்ளி எண்களாக வைத்துக்கொள்ளும் தசம எண்களுக்கு, வந்ததும்தான் சிக்கல். நான்காம் படிவம் படிக்கும் மாணவி ஒருத்தி 0.1 + 0.2 என்று தட்டியதற்கு 0.30000000000000004 என்று விடை வந்து, "சார், உங்கள் மொழிக்குக் கூட்டல் தெரியாதா?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து உங்களுக்கு மூன்று கேள்விகள். கூட்டல் பெருக்கலையெல்லாம் பிட் பிட்டாக (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இரும இலக்கம்) நீங்களே எழுதி ஒரு நூலகம், அதாவது ஆயத்தச் செயற்கூறுகளின் தொகுப்பு, அமைக்க வேண்டுமா? விடையை 15 இலக்கத்தோடு நிறுத்தி அச்சிட்டு அந்த வாலை மறைத்துவிடலாமா? பிள்ளைகள் எழுதும் கடைக் கணக்கில் அவ்வப்போது சென் குறைகிறதே, அது நூலகத்தின் குற்றமா?

முதல் இரண்டுக்கும் விடை, வேண்டாம் என்பதே. மூன்றாவதற்கு விடை, அது நூலகத்தின் குற்றமில்லை, ஆனால் நூலகத்தை வடிவமைப்பவரின் பொறுப்பு என்பது. கூட்டவும் பெருக்கவும் கணினியின் செயலிச் சில்லுக்கு ஏற்கெனவே தெரியும், உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாகவே தெரியும். ஒரு மொழியின் மிதவைப் புள்ளி நூலகத்துக்குரிய உண்மையான வேலை எண் உள்ளே நுழையும் வாசலிலும் வெளியேறும் வாசலிலும் இருக்கிறது. அத்தோடு, எந்தக் கணினியில் ஓட்டினாலும் இதே விடை வரும் என்று மொழி கொடுக்கும் வாக்குறுதியிலும் இருக்கிறது. நான் பார்த்த வரையில், புதிதாக மொழி எழுதுபவர்கள் கூட்டலுக்கு ஒரு மாதம் செலவழித்துவிட்டு, எண்ணை வாசிக்கும் பகுதியை ஒரே பிற்பகலில் எழுதி முடிக்கிறார்கள். தவறுகள் அந்தப் பிற்பகலில்தான் பிறக்கின்றன.

அந்த மாணவிக்கு என்ன சொல்வது என்பதிலிருந்து தொடங்கலாம். நம் பாட்டன்மார் வாய்ப்பாட்டில் இருந்த பின்னங்களை நினைத்துப் பாருங்கள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று ஒரு வரிசை. ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி, அதாவது 1/2, 1/4, 1/8, 1/16. இன்னொரு வரிசை மா, காணி, முந்திரி. அவை 1/20, 1/80, 1/320. கணினியின் இரும மிதவைப் புள்ளி எண்ணுக்குத் தெரிந்தவை முதல் வரிசைப் பின்னங்கள் மட்டுமே. அரையையும் காலையும் வீசத்தையும் அது துளியும் பிசகாமல் எழுதிக்கொள்ளும். மாவையோ, பத்தில் ஒன்றையோ கொடுத்தால், அரைகளையும் கால்களையும் அவற்றின் பாதிகளையும் அடுக்கிக்கொண்டே போய், 64 பிட்டில் இலக்கங்களுக்கென உள்ள 53 பிட் இடம் தீர்ந்ததும் கிட்டிய மதிப்பில் நின்றுகொள்ளும். தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் "கிட்டிய மதிப்புக்கு மாற்றுக" என்று செய்தோமே, அதே வேலைதான். நாம் 0.1 என்று தட்டினால் 64 பிட் எண்ணுக்குள் உண்மையில் உட்காருவது 0.1000000000000000055511151231257827021181583404541015625 என்ற எண். இது உத்தேசம் அன்று. முழு மதிப்பே இவ்வளவுதான், கடைசி 5 வரை.

இனி அந்தக் கூட்டலை அருகில் போய்ப் பார்க்கலாம். 0.1க்கும் 0.2க்கும் உள்ளே இருப்பவற்றைத் துல்லியமாகக் கூட்டினால் 55 பிட் நீளமுள்ள ஒரு விடை வருகிறது. இடமோ 53 பிட்டுக்குத்தான். இடத்துக்குள் அடங்கும் பகுதி …00110011 என்று முடிகிறது, அதற்கு அப்பால் 10 என்று இரண்டு பிட்டுகள் மிஞ்சுகின்றன. இருமத்தில் 10 மிஞ்சினால் சரிபாதி என்று பொருள். கீழே உள்ள எண்ணுக்கும் மேலே உள்ள எண்ணுக்கும் சரியாக நடுவில் விடை விழுந்துவிட்டது. இப்படிச் சமன் வந்தால் கடைசிப் பிட் 0 ஆக முடியும் இரட்டைப்படை எண்ணைத் தேர்ந்தெடு என்பது விதி; …0011 ஒற்றைப்படை, …0100 இரட்டைப்படை, ஆகையால் மேலே உள்ளதைச் சில்லு எடுத்துக்கொள்கிறது. 0.3 என்று நேரே தட்டினால் உள்ளே போவது …0011 என்று முடியும் கீழ் எண். மாணவி பார்த்த வால் இந்த ஒரு பிட் வித்தியாசம்தான். சில்லு எந்தத் தவறும் செய்யவில்லை, விதிப்படி நடந்துகொண்டது.

மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, அதாவது வீசம் என்பது பழைய கணக்கு. 0.05 + 0.0125 என்று உங்கள் மொழியில் ஓட்டிப் பாருங்கள். உறுப்புகள் இரண்டும் உள்ளே பிசகிய எண்களாக இருந்தும், கூட்டலில் அந்தப் பிசகு கால் இடத்துக்குள் அடங்கிவிடுவதால், விடை துல்லியமாக 0.0625 என்று வரும். ஒரு கூட்டலில் வால் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். "கணினிக்குத் தசமம் தெரியாது" என்ற வழக்கமான ஒற்றை வரி விளக்கத்தைவிட இது மேல்.

சமன் வந்தால் இரட்டைப்படைக்குப் போ என்ற விதி ஏன் என்று கேட்பீர்கள். எப்போதும் வெட்டிவிடுவது சுலபம்தான். ஆனால் வெட்டு எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும். வான்கூவர் பங்குச் சந்தை 1982இல் ஒரு குறியீட்டை 1000 என்று தொடங்கி, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மூன்று தசம இடத்துக்கு மேல் உள்ளதை வெட்டிக்கொண்டே வந்தது. 1983 நவம்பரில் அது 524 அளவில் நின்றது. சரியாகக் கணக்கிட்டிருந்தால் 1098 அளவில் இருந்திருக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வெட்டு, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை நடந்து, பாதியைத் தின்றுவிட்டது. இரட்டைப்படை விதியில் சமன்கள் பாதி மேலும் பாதி கீழும் போவதால் ஒரு பக்கச் சாய்வு சேராது.

இப்போது மறைத்துவிடும் யோசனை. 15 இலக்கத்தோடு நிறுத்தினால் 0.3 என்று அழகாகத்தான் அச்சாகும். அடுத்த வரியில் அதே மாணவி அந்த விடையை 0.3 உடன் ஒப்பிட்டால் மொழி "சமம் இல்லை" என்று சொல்லும். கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று ஆகிவிடும். அது முதல் குழப்பத்தைவிட மோசமானது. மறுபக்கம், எப்போதும் 17 இலக்கம் அச்சிட்டால் உண்மை முழுதும் தெரியும், ஆனால் 0.1 என்று தட்டியவருக்கு 0.10000000000000001 என்று திரும்பி வரும். பைதான் மொழி 2009இல் வந்த 3.1 பதிப்புக்கு முன்பு இப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நல்ல வழி உண்டு: திரும்ப வாசித்தால் அதே எண் கிடைக்கும்படியான இலக்க வரிசைகளுள் மிகக் குறுகியதை அச்சிடுவது. அப்போது 0.1 என்பது 0.1 என்றே வெளிவரும், 0.1 + 0.2 தன் வாலோடு வரும், ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எண். இதற்கான முறையை ஸ்டீல், வைட் என்ற கணினி ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்டார்கள். லாய்ச் 2010இல் கிரிசு என்றும், உல்ஃப் ஆடம்ஸ் 2018இல் ரியூ என்றும் அதையே வெகுவேகமாக்கிக் கொடுத்தார்கள். ரியூவின் சி நிரல் எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி கிடைக்கிறது. அதை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள், சொந்தமாக எழுத முயல வேண்டாம்.

வாசிக்கும் வாசல் இன்னும் ஆபத்தானது. பெரும்பாலோர் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: புள்ளிக்குப் பின் வரும் ஒவ்வோர் இலக்கத்தையும் 0.1, 0.01, 0.001 என்று பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவது. ஒவ்வொரு படியிலும் கிட்டிய மதிப்பாக்கம் நடப்பதால் பிசகு சேர்ந்து, கடைசியில் கிடைக்கும் எண் ஒரு பிட் இரண்டு பிட் தள்ளி நிற்கும். அதைவிட எளிய, துல்லியமான வழி ஒன்று உண்டு. புள்ளியை மறந்துவிட்டு இலக்கங்களை ஒரே முழு எண்ணாகப் படியுங்கள். பிறகு பத்தின் அடுக்கால் ஒரே ஒரு முறை வகுங்கள். அந்த முழு எண் 9007199254740992க்கு, அதாவது 2இன் 53ஆம் அடுக்குக்கு மேற்படாமலும், பத்தின் அடுக்கு 22க்கு மேற்படாமலும் இருந்தால், வகுபடுவதும் வகுப்பதும் 64 பிட் எண்ணில் பிசகின்றி அடங்கும். கிட்டிய மதிப்பாக்கம் ஒரே ஒரு தடவைதான் நடக்கிறது, ஆகவே விடை சரியாகத்தான் இருக்கும். டியூஷன் நிலையத்தில் தட்டப்படும் எண்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த வாசலிலேயே முடிந்துவிடும். மிச்சத்துக்குத்தான் பெரிய முழு எண் கணக்கோ, 2021இல் லெமிர் எழுதி வெளியிட்ட முறையோ தேவைப்படும். சில எண்களில் நடுப்புள்ளிக்கு மேலா கீழா என்று தீர்மானிக்க எழுநூறு இலக்கத்துக்கு மேலும் பார்க்க வேண்டியிருக்கும்.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால், 2011 தொடக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2.2250738585072011 × 10⁻³⁰⁸ என்ற எண்ணைக் கொடுத்தால் பிஎச்பி மொழியின் வாசிப்பான் முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொண்டது. சில வாரங்களில், கடைசி இலக்கம் 2 ஆக முடியும் அடுத்த எண்ணில் ஜாவாவும் அப்படியே மாட்டிக்கொண்டது தெரியவந்தது. இணையப் படிவத்தில் அந்த எண்ணை ஒட்டினாலே சேவையகம் தொங்கிவிடும் நிலைமை. அந்த எண் இயல்பான எண்களுக்கும், அவற்றுக்குக் கீழே அடுக்கு தீர்ந்துபோய்த் துல்லியத்தைப் படிப்படியாக இழக்கும் மிகச் சிறிய எண்களுக்கும் நடுவே உள்ள எல்லைக் கோட்டில் நிற்கிறது. வாசிப்பான் இந்தப் பக்கம் ஒரு முறை அந்தப் பக்கம் ஒரு முறை என்று திருத்திக்கொண்டே இருந்தது. பிஎச்பியின் விஷயத்தில் காரணம் பழைய இன்டெல் சில்லின் 80 பிட் பதிவகம், அதாவது கணக்கின்போது எண்ணைச் சில்லுக்குள் வைத்துக்கொள்ளும் இடம். இந்தப் பதிவகத்தைப் பற்றிக் கீழே மறுபடி வரும்.

வாசலைப் பற்றி இன்னொன்று. சி மொழியின் வழக்கமான வாசிப்புச் செயற்கூறு, கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்து நடந்துகொள்ளக்கூடியது. மலேசியாவில் தசமத்துக்குப் புள்ளி, இந்தோனேசியாவில் காற்புள்ளி. அந்த நாட்டு அமைப்பில் உள்ள ஒரு மடிக்கணினி உங்கள் வகுப்புக்கு வந்தால், நிரல் 3.75ஐ 3 என்று வாசித்துவிட்டு மௌனமாகப் போகலாம். நிரலின் மூலத்தில் புள்ளி மட்டுமே செல்லும் என்று மொழி விதியாக எழுதிவிட்டு, வட்டாரத்தைப் பார்க்காத வாசிப்பானையே பயன்படுத்துங்கள். தமிழ் எண் குறிகளை ஏற்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தமிழில் மொழி எழுதும் எல்லாருக்கும் ஒருநாள் அந்த ஆசை வரும். பழைய தமிழ் எழுத்து முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு, இட மதிப்புப் பூஜ்யம் கிடையாது. யூனிகோடில் தமிழ்ப் பூஜ்யம் சேர்ந்ததே 2005இல்தான். அதில் இறங்கினால் ஒரே எண்ணுக்கு இரண்டு எழுத்து முறைகள் வந்து சேரும். விட்டுவிடுங்கள்.

அடுத்தது, எந்தக் கணினியிலும் இதே விடை என்ற வாக்குறுதி. 1985க்கு முன்பு ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் தன் போக்கில் மிதவைப் புள்ளி எண்ணை வைத்திருந்தது. அந்த ஆண்டு வந்த, ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 754 என்ற தரம், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஐந்துக்கும் ஒரே விதி சொன்னது: முடிவிலாத் துல்லியத்தில் விடையைக் கண்டது போலவும், பிறகு ஒரே ஒரு முறை கிட்டிய மதிப்புக்கு மாற்றியது போலவும் இருக்க வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வில்லியம் கேஹன் அதன் மூளையாக இருந்தார். 1989ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. தரம் 2008இலும் 2019இலும் திருத்தப்பட்டது. இன்று மடிக்கணினி, கைப்பேசி, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஆகியவற்றின் சில்லுகள் எல்லாம் இதைக் கடைப்பிடிக்கின்றன. கூட்டலை நீங்கள் எழுத வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சில்லு காக்கும் வாக்குறுதியைக் கம்பைலர் உடைக்க முடியும். நீங்கள் சி மொழிக்கு மாற்றுவதால் இது உங்களை நேரடியாகப் பாதிக்கும். பெருக்கிக் கூட்டுவதை ஒரே கட்டளையாக, நடுவில் கிட்டிய மதிப்பாக்கம் இல்லாமல் செய்யும் வசதி சில்லுகளில் உண்டு. 2008 திருத்தம் அதைத் தரத்திலும் சேர்த்தது. ஜிசிசி தன் வழக்கமான அமைப்பில், அந்தக் கட்டளை சில்லில் இருந்தால், உங்களைக் கேட்காமலே பெருக்கலையும் கூட்டலையும் இணைத்துவிடும். சாதாரண இன்டெல் மடிக்கணினிக்குத் தொகுக்கும்போது அந்தக் கட்டளையை அது எடுத்துக்கொள்வதில்லை. 64 பிட் ஆர்ம் சில்லுள்ள ராஸ்பெர்ரி பையில் எடுத்துக்கொள்ளும். இனி அ × அ − ஆ × ஆ என்று ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாறிகளும் ஓடும்போது 0.1 என்ற மதிப்பைப் பெறுகின்றன. மடிக்கணினியில் விடை பூஜ்யம். பையில் ஒரு பெருக்கல் துல்லியமாகவும் மற்றது கிட்டிய மதிப்பாகவும் நடப்பதால், விடை மிகமிகச் சிறிய, ஆனால் பூஜ்யமல்லாத ஓர் எண். அது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும் கணக்காக இருந்து, அடுத்த வரியில் வர்க்கமூலம் எடுத்தால், கணக்கு அங்கேயே கவிழும். ஒரே நிரல், ஒரே வகுப்பறை, இரண்டு விடை. இணைக்காதே என்ற தெரிவைக் கம்பைலருக்குக் கட்டாயமாகக் கொடுங்கள். இணைப்பு வேண்டியவருக்கு அதைத் தனிச் செயற்கூறாக வெளிப்படையாகக் கொடுங்கள். "வேகக் கணிதம்" என்ற தெரிவை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள்; கூட்டும் வரிசையைக்கூட அது தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும்.

80 பிட் பதிவகத்தின் தொல்லையும் இதே இனம்தான். முதலில் 64 பிட் மாண்டிசாவுக்கு (எண்ணின் இலக்கங்கள் உட்காரும் பகுதிக்கு) கிட்டிய மதிப்பு, பிறகு நினைவகத்தில் வைக்கும்போது 53 பிட்டுக்கு மறுபடி கிட்டிய மதிப்பு. தசமத்தில் சொன்னால், 2.349ஐ நேரே ஓர் இடத்துக்கு மாற்றினால் 2.3, இடையில் 2.35 என்று நிறுத்திவிட்டு மாற்றினால் 2.4. ஜாவா இதற்காகவே 1998இல் "கண்டிப்பான கணக்கு" என்று ஒரு தனிச் சொல்லை மொழிக்குள் கொண்டுவந்து, 2021இல் 17ஆம் பதிப்பில் எல்லாக் கணக்கும் கண்டிப்பானதே என்று சொல்லி அந்தச் சொல்லைத் தேவையற்றதாக்கியது. இன்றைய 64 பிட் கணினிகளில் இந்தப் பதிவகம் தானாகக் குறுக்கே வராது. பழைய 32 பிட் கணினிகள் நிலையத்தில் இருந்தால் மட்டும் கவனியுங்கள்.

கூட்டலை நீங்களே எழுத வேண்டிய சூழல் ஒன்று உண்டு: ஆர்டுயினோ யூனோவின் பழைய பதிப்புகள் போல மிதவைப் புள்ளிப் பகுதியே இல்லாத சிறு பலகைகள். அப்போதும் ஜான் ஹவுசர் எழுதிய பெர்க்லி சாஃப்ட்ஃப்ளோட் கையருகே இருக்கிறது. ஆனாலும் ஒரு முறை எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி, அதில் ஒரே ஓர் இடத்தில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். சிறிய எண்ணை வலப்பக்கம் நகர்த்திப் பெரிய எண்ணோடு வரிசைப்படுத்தும்போது, வெளியே விழும் பிட்டுகளை எறிந்துவிடக்கூடாது. இடத்துக்கு அப்பால் இரண்டு பிட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கும் அப்பால் விழுந்தவற்றுள் ஒன்றேனும் 1 ஆக இருந்ததா என்பதை மூன்றாவது பிட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அதை ஒட்டும் பிட் என்பார்கள், ஒருமுறை 1 ஆகிவிட்டால் 1 ஆகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அது இல்லாவிட்டால், 2.4500001 என்பதை 2.45 என்று நினைத்துச் சமன் என்று முடிவுகட்டி, இரட்டைப்படை விதிப்படி 2.4க்குப் போய்விடுவீர்கள், சரியான விடை 2.5.

எண்ணே அல்லாத விடைகள். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் தரம் ஒரு தனி மதிப்பைத் தருகிறது. அதன் ஆங்கிலச் சுருக்கமான NaN என்பதைத் தமிழில் எழுதினால் "நான்" என்று வந்து நிற்கும். நிரல் திடீரென்று தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டதா என்று பிள்ளைகள் திகைப்பார்கள். "எண்ணிலி" என்றால் எண்ணற்றது என்ற பொருள் வந்து முடிவிலியோடு மோதும். "எண்ணல்ல" என்றே அச்சிடச் சொல்வேன். அது தனக்கே சமமாகாது என்பதால் வரிசைப்படுத்தும் செயற்கூறுகள் குழம்பும். அதை எப்போதும் கடைசியில் வைக்கும் ஒரு முழு வரிசை விதியை நூலகம் கொடுக்க வேண்டும். பெரியது சிறியது காணும் செயற்கூறுகளுக்கு 2008 தரம் சொன்ன விதியையே 2019 தரம் விலக்கிவிட்டு வேறு சொன்னது என்பதால், புதியதைப் பின்பற்றுங்கள். பூஜ்யமல்லாத எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் தரம் முடிவிலி தரச் சொல்கிறது; ஆனால் கற்கும் பிள்ளைகளுக்கான மொழியில் அங்கேயே பிழை சொல்லி நிறுத்துவதுதான் நல்லது என்பது என் கருத்து, பைதானும் அப்படித்தான் செய்கிறது.

சைன், கொசைன், மடக்கை போன்றவற்றுக்கு அந்த ஒரே கிட்டிய மதிப்பு விதி கட்டாயமாக இல்லை. ஆகவே ஒவ்வோர் இயங்குதளத்தின் கணித நூலகமும் கடைசிப் பிட்டில் வேறுபடலாம். வேறுபாடு வேண்டாம் என்றால் ஒரே நூலகத்தை மொழியோடு சேர்த்தே கொடுங்கள். ஜாவாவின் கண்டிப்பான கணித வகுப்பு, சன் நிறுவனத்தின் பழைய நூலகத்தை இதற்காகவே அளவுகோலாக வைத்திருக்கிறது. எந்த நூலகத்தை எடுத்தாலும் 10²² ரேடியனுக்குச் சைன் கேட்டுப் பாருங்கள். −0.8522008497671888 என்று வராவிட்டால், அது π என்ற மாறிலியின் மதிப்பைப் போதிய நீளத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

பல எண்களைக் கூட்டுவது பற்றிச் சொல்ல எனக்குச் சொந்தக் கதை உண்டு. இளவயதில் ஒரு செம்பனை ஆலையின் எடைமேடைக்கு நிரல் எழுதினேன். லோரி குலையோடு ஏறும், எடை பத்துப் பத்துக் கிலோவாகத் தெரியும், நிரல் ஆண்டின் மொத்தத்தோடு கூட்டிக்கொள்ளும். மொத்தத்தை 32 பிட் மிதவைப் புள்ளி மாறியில் கிலோவாக வைத்திருந்தேன். ஆண்டு முடிவில் பெரிய கிராணியின் கைப்பேரேட்டுக்கும் என் நிரலுக்கும் சில நூறு கிலோ வித்தியாசம். அவர் பேரேட்டில்தான் பிழை இருக்கும் என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கூட்டிக் காட்டினார். பிழை என்னுடையது. 32 பிட் எண்ணில் மாண்டிசா 24 பிட். மொத்தம் 134,217,728 கிலோவைத் தாண்டியதும் அடுத்தடுத்த எண்களுக்கிடையே 16 கிலோ இடைவெளி. அந்த இடத்தில் 8,370 கிலோ குலையோடு ஒரு லோரி வந்தால் 8,368தான் சேரும். இரண்டு கிலோ காற்றில் போகும். இன்னொரு லோரிக்கு இரண்டு நான்கு கிலோ சும்மா கூடும். உங்கள் மொழியில் 32 பிட் எண்ணே வேண்டாம், 64 பிட் மட்டும் போதும். பட்டியலின் மொத்தம் காணும் செயற்கூறுக்குள், கூட்டும்போது உதிரும் சிறு மிச்சத்தைத் தனி மாறியில் பிடித்து அடுத்த கூட்டலில் சேர்க்கும் முறையைப் போட்டுவிடுங்கள்; கேஹன் 1965இல் வெளியிட்டது, நான்கே வரிகள். சாதாரணச் சுழலில் 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வரும், இதில் 1 வரும்.

இனி அந்தச் சென். கடைக் கணக்கில் ஒரு பிஸ்கட் பாக்கெட் 1.15 வெள்ளி. மாணவர் அதை 100ஆல் பெருக்கி முழு எண்ணாக்குகிறார். 1.15 உள்ளே சற்றுக் குறைவாக இருப்பதால் பெருக்கல் 114.99999999999999 தருகிறது, முழு எண்ணாக வெட்டினால் 114 சென். இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை கிட்டிய 5 சென்னுக்கு மாற்றப்படுகிறது. 1, 2, 6, 7 என்று முடிந்தால் கீழே, 3, 4, 8, 9 என்று முடிந்தால் மேலே. ஒரு பாக்கெட் வாங்கினால் 114 என்பது 115 ஆகிப் பிழை தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மூன்று வாங்கினால் 342 என்று வந்து 340 ஆகிவிடும். சரியான விலை 345. ஐந்து சென் குறைகிறது, அதுவும் சில பொருளுக்கு மட்டும், சில எண்ணிக்கைக்கு மட்டும். நீங்கள் சொன்ன "அவ்வப்போது" இதுதான்.

இதற்கு மிதவைப் புள்ளி எண்ணில் மருந்து கிடையாது. மொழியில் "பணம்" என்று ஒரு தனி வகையை வையுங்கள். உள்ளே 64 பிட் முழு எண், அலகு சென். 1.15 வெள்ளி என்று நிரலில் எழுதினால், வாசிப்பான் மிதவைப் புள்ளி எண்ணை இடையில் தொடாமலே 115 என்று படிக்க வேண்டும். பணத்தோடு பணத்தைக் கூட்டலாம், முழு எண்ணால் பெருக்கலாம். மிதவைப் புள்ளி எண்ணோடு நேரடியாகக் கலந்தால் கம்பைலர் பிழை சொல்ல வேண்டும். வரி விகிதம் போன்றவற்றால் பெருக்கும்போது எந்தக் கிட்டிய மதிப்பு விதி என்று நிரலாளர் எழுதியே ஆக வேண்டும். ஐந்து சென்னுக்கு மாற்றுவது ஒரே வரி: மொத்தச் சென்னோடு 2 கூட்டி, 5ஆல் முழு வகுத்தல் செய்து, மறுபடி 5ஆல் பெருக்குங்கள். ஐந்து ஒற்றைப்படை எண் ஆகையால் முழுச் சென் கணக்கில் சரிபாதி என்ற நிலையே எழாது, இரட்டைப்படை விதிக்கும் வேலையில்லை. பொருளுக்குப் பொருள் மாற்றாமல் மொத்தத்துக்கு மட்டும் மாற்றுவது விதி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

சோதனையைப் பற்றிக் கடைசியாக. கண்டபடி எண்களைத் தூவிச் சோதிப்பதால் பயன் குறைவு, ஏனென்றால் கோளாறுகள் எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும். 1994இல் பென்டியம் சில்லின் வகுத்தல் பிழை வெளிவந்தபோது, 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.333820க்குப் பதில் 1.333739 வந்தது, தேடல் அட்டவணையில் விடுபட்ட சில இடங்களை மிதிக்கும் எண்களுக்கு மட்டும்தான் அந்தப் பிழை. உங்கள் வாசிப்பானுக்கும் அச்சிடும் பகுதிக்கும் 2இன் எல்லா அடுக்குகளையும், அவற்றுக்கு ஒரு பிட் மேலும் கீழும் உள்ளவற்றையும், பத்தின் எல்லா அடுக்குகளையும், மேலே சொன்ன 2011இன் இரண்டு எண்களையும் கொடுத்து, அச்சிட்டதைத் திரும்ப வாசித்தால் 64 பிட்டும் அப்படியே வருகிறதா என்று பாருங்கள். அதை மடிக்கணினியிலும் பையிலும் ஓட்டி இரண்டு வெளியீடுகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் வேறுபட்டாலும், முதலில் கம்பைலருக்குக் கொடுத்த தெரிவுகளைச் சரிபாருங்கள், அதன் பிறகு உங்கள் நிரலைப் பாருங்கள்.